சுவருக்குள் விழுந்த ஆணி

அத்தியாயம் 14

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். பெரிய டீச்சர் தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளிக்கூடத்தில் சுவருக்குக் குறைவே இல்லை. சித்திரம் மாட்டத்தான் அனுமதி கிடையாது.

அரசாங்கப் பள்ளிக்கூடம்தான். பிள்ளைகள், டீச்சர்கள், சாக்பீஸ், கரும்பலகைத் துடைப்பான் எல்லாமே அரசாங்கத்தைச் சேர்ந்தவை. கட்டடம் மட்டும் ஒரு கம்பெனியுடையது. கம்பெனி தன் செலவில் கட்டிக் கொடுத்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு அரசாங்கம் மாதாமாதம் அதற்குப் பணம் கட்டும். அதுவரைக்கும் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் கம்பெனியைக் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். கம்பெனியின் கட்டட மேனேஜருக்கு டீச்சர்கள் 'வீட்டுக்காரர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வாடகை வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

போன வாரம் நடந்தது இவ்வளவுதான். பரீட்சை நெருங்கும் நேரத்தில் பெரிய ஹாலின் கடிகாரம் நின்றுபோனது. கம்பெனியின் உதவி மையத்துக்கு போன் செய்து புகார் எண்ணும் வாங்கியாகிவிட்டது. பத்தொன்பது நாள் ஆயிற்று, கிணற்றில் போட்ட கல். பொறுத்துப் பார்த்த பெரிய டீச்சர், காலமான தன் கணவர் ஆசையாக வாங்கிய கடிகாரத்தை வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். ஹாலின் வடக்குச் சுவரில் மூன்று அங்குல ஆணியை வைத்து, நாற்காலியில் ஏறி நின்று தன் கையாலேயே அடித்தாள்.

மூன்றாவது அடியில் பூச்சும் அதற்குப் பின்னால் இருந்த கல்லும் கட்டை விரல் அகலத்துக்கு உடைந்து உள்ளே போயின. ஆணியும் கூடவே போனது. போன ஆணி அங்கேயே நிற்கவில்லை. சுவருக்குள் அங்கும் இங்கும் மோதிக்கொண்டு, கீழே, வெகு கீழே போய் விழுந்த சத்தத்தை அவள் கேட்டாள்.

அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு அன்று தெரியவில்லை. ஐம்பத்தைந்து வயதில் சுவரை உடைத்துவிட்டோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் நோட்டீசோடு வந்து நின்றார் வீட்டுக்காரர்.

"அனுமதி இல்லாம சுவரைச் சேதப்படுத்தினதுக்கு ஏழு நாள்ல விளக்கம் கொடுக்கணும் மேடம். நான் எழுதல, மேலிடத்துல இருந்து வந்திருக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆள் அனுப்பியிருப்பேனே."

"அதுக்கு முன்னால பத்தொன்பது நாளா சொல்லிட்டுதானே இருந்தேன்."

"அது கடிகாரப் புகார். ஆணிக்குத் தனியா புகார் போடணும்."

இதற்குப் பதில் சொன்னால் ஆத்திரம் வரும், ஆத்திரம் வந்தால் காலை முழுக்கக் கெடும் என்று பெரிய டீச்சர் பேசாமல் நோட்டீசை வாங்கிக்கொண்டாள்.

"கொத்தனார் வந்திருக்கார். பத்து நிமிஷத்துல அடைச்சிடுவார். அடைச்சாச்சுன்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. நாளைக்குப் பரீட்சை இல்லையா, ஹால் பளிச்சுன்னு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார் மேனேஜர். கெட்ட மனிதர் இல்லை. கொடுத்த காகிதத்தை நீட்டுகிற மனிதர், அவ்வளவுதான்.

அதற்குள் அவளுடைய போன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்திருந்தது. தம்பி மனைவி. திரும்பக் கூப்பிட்டதும், மூச்சு விடாமல் சொன்னாள்.

"அண்ணி, உங்க தம்பிக்கு வந்துடுச்சு. புதுசா கட்டப் போற பதினாறு பள்ளிக்கூடத்துக்கும் இவர்தான் தலைமை இன்ஜினியர். கட்டினது சரியா இருக்குன்னு இவர் சொன்னாத்தான் அரசாங்கம் பணமே கொடுக்கும். திங்கக்கிழமை ஒப்பந்தம். உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னார்."

பெரிய டீச்சருக்கு நெஞ்சு நிறைந்தது. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட வீட்டில், தம்பியின் பரீட்சைக் கட்டணத்துக்காகத் தன் வளையலைக் கழற்றிக் கொடுத்தவள் அவள். அவன் இன்ஜினியராகி, கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சாயாமல் கையெழுத்துப் போடுகிறவன் என்று பெயர் எடுத்திருந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய இந்தப் பள்ளிக்கூடத்தையும் சரிபார்த்து நல்லபடி இருக்கிறது என்று சொன்னவன் அவன்தான். அதே சமயத்தில் அதே கம்பெனி கட்டிய இன்னும் மூன்று பள்ளிக்கூடங்களையும் அவனே பார்த்தான். 'என் தம்பி பார்த்த கட்டடம்' என்று அவள் புது டீச்சர்களிடம் பீற்றிக்கொள்வதும் உண்டு.

"சாயந்தரம் வரேன்மா" என்று சொல்லிவிட்டு ஹாலுக்கு நடந்தாள்.

கொத்தனார் தகரத் தட்டில் சிமெண்ட் குழைத்து வைத்துவிட்டு ஏணியில் நின்றிருந்தார். ஓட்டைக்குப் பின்னால் காகிதம் திணித்துவிட்டுப் பூசலாமா என்று பார்க்க, நீளமான கம்பி ஒன்றை வளைத்து மேல்பக்கமாக உள்ளே விட்டார். கம்பி போய்க்கொண்டே இருந்தது. வெளியே இழுத்தார். வளைத்துக் கீழ்ப்பக்கமாக விட்டார். அதுவும் போய்க்கொண்டே இருந்தது. கம்பியின் கடைசி நுனியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"என்ன?" என்றாள் பெரிய டீச்சர்.

அவர் முதலில் வாசல் பக்கம் பார்த்தார். பிறகு இறங்கி வந்தார்.

"இது ஹாலோ பிளாக் சுவர் டீச்சரம்மா. நடுவுல ஓட்டை இருக்கற கல்லு. சின்னச் சுவர்னா அப்படியே விட்டுடலாம். இது இவ்வளவு உசரம். மேல இருக்கற கூரையில பாதி இது மேலதான் உக்காந்திருக்கு. இந்த மாதிரி சுவருக்கு ஓட்டைக்குள்ள கம்பி விட்டு, கீழ இருந்து மேல வரைக்கும் காங்கிரீட் ரொப்பிக்கிட்டே வரணும். ரொப்பியிருந்தா உங்க ஆணி மடங்கியிருக்கும். உள்ள விழுந்திருக்காது."

"ஒண்ணு ரெண்டு ஓட்டை விட்டுப் போயிருக்கலாம் இல்லையா?"

"இருக்கலாம்." சிமெண்ட் தட்டைக் கரண்டியால் கிளறினார். "விட்டது ஒண்ணா, மொத்தமுமான்னு திறந்து பார்த்தாத்தான் தெரியும். நான் அடைக்க வந்தவன்மா. பாக்க வந்தவன் இல்ல."

"நாளைக்கு நூத்தி எண்பது பசங்க இங்க உக்காந்து பரீட்சை எழுதணும். எழுதலாமா?"

அவர் கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"என் பேத்தி உங்ககிட்டதான்மா நாலாவது படிக்குது" என்றார். "நாளைக்கு அவளுக்குக் காய்ச்சல்னு லீவு லெட்டர் கொடுக்கலாமான்னு யோசிக்கிறேன்."

பெரிய டீச்சர் ஓட்டையை அடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மேனேஜர் கேட்டால் தன் பெயரைச் சொல்லச் சொன்னாள். நேரே ஆபீஸ் அறைக்கு வந்து, இரும்பு அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தத் தடிமனான கோப்பை இறக்கினாள். கட்டடத்தை ஒப்படைத்த அன்று கம்பெனி கொடுத்த கோப்பு. பளபளப்பான அட்டை, தங்க எழுத்து. ஆறு வருஷமாக அதை யாரும் திறக்கவில்லை என்பதற்குப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்ததே சாட்சி.

தேடிப் பிடிக்க அரை மணி ஆயிற்று. ஒவ்வொரு சுவருக்கும் ஒரு தாள். 'பெரிய ஹால், வடக்குச் சுவர். துவாரங்களில் காங்கிரீட் நிரப்பும் பணி, காலை பதினொரு மணி முதல் மாலை நான்கு மணி வரை, என் நேரடிப் பார்வையில் முழுமையாக நடைபெற்றது.' கீழே தம்பியின் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை நீட்டிச் சுழிப்பது அவனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பழக்கம்.

அப்பாடா என்றுதான் முதலில் இருந்தது. தம்பி பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறான். கொத்தனாருக்கு என்ன தெரியும், ஏதோ ஒரு ஓட்டை விட்டுப் போயிருக்கும்.

பிறகு தேதியைப் பார்த்தாள்.

சில தேதிகளுக்குக் காலண்டர் தேவையில்லை. பதினேழாம் தேதி, புதன்கிழமை. அன்று விடிகாலையில்தான் அவள் கணவர் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். அவள் கூப்பிட்ட முதல் போனுக்கே தம்பி ஓடிவந்துவிட்டான். பதினொரு மணிக்கு அவன் எந்தச் சுவருக்குப் பக்கத்திலும் நிற்கவில்லை. அவள் பக்கத்தில் நின்றிருந்தான். அவளால் பேனா பிடிக்க முடியாததால், உடம்பைப் பெற்றுக்கொண்டதற்கு ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டதே அவன்தான்.

அந்தக் காகிதத்தின் நகல் அவள் வீட்டு அலமாரியில், கணவரின் மூக்குக் கண்ணாடிக்குக் கீழே இன்னும் இருக்கிறது.

இந்தத் தாள் பொய் என்று கையில் ஆதாரத்தோடு சொல்ல உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. அது அவள்தான். அவள் வாயைத் திறந்தால் தம்பியின் திங்கட்கிழமை போகும். திங்கட்கிழமை மட்டுமா, இருபது வருஷப் பெயரும் போகும். வாயை மூடிக்கொண்டால் நாளைக்குக் காலை ஒன்பதரைக்கு நூற்று எண்பது பிள்ளைகள் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் போய் உட்காரும்.

மதியம் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். வீட்டுக்குப் போய் ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்தாள். கோப்பிலிருந்து கழற்றிய தாளோடு அதையும் ஒரே உறையில் வைத்தாள். பிறகு தம்பி வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

தம்பியின் ஆபீஸ் அவன் வீட்டு மாடியிலேயே இருந்தது. சுருட்டி வைத்த வரைபடங்களும், கட்டடங்களிலிருந்து வெட்டியெடுத்த காங்கிரீட் துண்டுகளும் மேஜையெல்லாம் கிடந்தன. அக்காவைப் பார்த்ததும் அவன் முகம் முழுக்கச் சிரித்தான். நாற்பத்தெட்டு வயதுக்காரன், முன்மண்டை வழுக்கை, ஆனாலும் சிரித்தால் அவளுக்கு அதே பழைய பையன்தான்.

"சாயந்தரம் வரேன்னுதானே சொன்னே? வா, உக்காரு. நின்னுட்டேதான் வாழ்த்தணுமா என்ன?"

அவள் உட்காரவில்லை. இரண்டு காகிதங்களையும் எடுத்து அவன் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"என்னக்கா இது?"

"நீயே படி."

ஆஸ்பத்திரிக் காகிதத்தை முதலில் பார்த்தான். முகம் சுருங்கியது. "இதை ஏன் இன்னும் வச்சிருக்கே?"

"அவர் சம்பந்தப்பட்ட எதையும் நான் தூக்கிப் போடல. அடுத்ததைப் படி."

படித்தான். இரண்டு கையெழுத்தும் ஒரே தேதி, ஒரே நேரம். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தான். திருடனுக்குத் தேள் கொட்டியது போல என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் அவன் முகத்தில் திருட்டுக் களை இல்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்த ஆள் கடைசியில் வந்து கதவைத் தட்டியது போல இருந்தான்.

பெரிய டீச்சர் ஆணியைப் பற்றிச் சொன்னாள். அது விழுந்த சத்தத்தைச் சொன்னாள். கொத்தனாரின் கம்பியைச் சொன்னாள்.

"நீ அங்க இல்லாம எப்படிடா போட்டே?"

"ஒரு வாரம் உன்கூடவே இருந்துட்டு சைட்டுக்குப் போனேன். சுவர் ஏறி முடிஞ்சிருந்தது. பூச்சு வேலை ஓடிட்டிருந்தது." அவன் குரல் தாழ்ந்துகொண்டே போனது. "நான் வர்ற வரைக்கும் அவங்க நிறுத்தி வச்சிருக்கணும். அதுதான் விதி. வேலையை நிறுத்தி, நாலு இடத்துல உடைச்சுப் பாக்கணும்னு வாய் வரைக்கும் வந்தது. ஆனா நான் போனதும் எல்லாரும் கையைப் பிடிச்சிட்டு துக்கம் விசாரிச்சாங்கக்கா. மேஸ்திரி கண்ணுல தண்ணி. கம்பெனியோட பெரிய அதிகாரி ஒருத்தர் பக்கத்துல உக்காந்து, 'நீங்க இல்லைன்னாலும் நீங்க இருந்த மாதிரியே செஞ்சிருக்கோம் சார், நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க'ன்னார். பேசிட்டே பேப்பரை நீட்டினார். துக்கம் விசாரிச்ச மனுஷங்களை எழுந்து நின்னு எப்படி சந்தேகப்படறது? போட்டுட்டேன்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"அதுக்கப்புறம் தூங்கினியா?"

"உன் பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் வந்திருக்கேனா, யோசிச்சுப் பாரு."

யோசித்தாள். ஆறு வருஷத்தில் ஆண்டு விழா, பரிசளிப்பு என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாள். ஒவ்வொரு தடவையும் ஒரு வேலை, ஒரு வெளியூர். தம்பி பெரிய ஆளாகிவிட்டான் என்று அவள் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன் கேளு. பரீட்சை முடியட்டும். லீவுல நானே கம்பெனியில பேசி, சுவருக்கு ரெண்டு பக்கமும் இரும்புத் தூண் கொடுத்து பலப்படுத்திடறேன். யாருக்கும் தெரிய வேணாம். ஆறு வருஷமா நிக்குது, இன்னும் ரெண்டு மாசம் நிக்காதா?"

"உன் மாமாவும் முந்தின நாள் வரைக்கும் நடந்துட்டுதான்டா இருந்தார்."

அந்த நேரத்தில்தான் தம்பி மனைவி தண்ணீர்ச் சொம்போடு படியேறி வந்து நின்றாள். எத்தனை நேரமாகப் படியில் நின்றாள் என்று தெரியவில்லை. சொம்பை வைத்த விதத்திலேயே எல்லாம் கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

"அண்ணி, நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"அன்னிக்கு விடிகாலைல இவர் சைட்டுக்குக் கிளம்பி, ஷூ மாட்டிட்டு வாசல்ல நின்னார். அப்பதான் உங்க போன் வந்தது. மாட்டின ஷூவோட ஓடினார். ஒரு வாரம் இந்த வீட்டுப் பக்கம் வரல. எனக்கு அப்ப உடம்பு சரியில்ல. ஆனாலும் அக்கா தனியா இருக்காங்க, கூட இருந்துட்டு வாங்கன்னுதான் சொன்னேன். ஒரு தடவைகூட முகம் சுளிக்கல." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் நிறுத்தவில்லை. "அந்த ஒரு வாரத்தை நாங்க உங்களுக்குக் கொடுத்தோம். இப்ப அதையே காரணமா வச்சு நீங்களே இவரைக் காட்டிக் கொடுக்கலாமா?"

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். பெரிய டீச்சர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். தம்பி மனைவி சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் அவளை அறுத்தது.

"நீ சொல்றது அத்தனையும் நிஜம்மா. நான் கூப்பிடலைன்னா இவன் அங்க நின்னிருப்பான். இவன் நின்னிருந்தா அந்தச் சுவர் ஒழுங்கா எழும்பியிருக்கும். என் துக்கத்துக்குத் துணை வந்ததாலதான் அந்தப் பசங்க தலைக்கு மேல இது நிக்குது. அதனாலதான்மா என்னால பேசாம இருக்க முடியல. வேற யாராவதா இருந்தா ஒருவேளை இருந்திருப்பேனோ என்னவோ."

காகிதங்களை எடுத்து உறையில் வைத்தாள்.

"நாளைக்கு ஹாலை மூடப் போறேன். ஏன்னு கேப்பாங்க. கேட்டா ரெண்டையும் காட்டுவேன். உனக்குத் தெரியாம செய்யக்கூடாதுன்னுதான் வந்தேன்."

தம்பி தலை நிமிரவில்லை. மேஜையில் கிடந்த காங்கிரீட் துண்டு ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தான். அவள் படியில் கால் வைத்த பிறகுதான் அவன் குரல் கேட்டது.

"அக்கா, சாப்பிட்டியா?"

சாப்பிடவில்லை. அதைச் சொன்னால் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவாள் என்று தெரிந்ததால், பதில் சொல்லாமல் இறங்கிப் போனாள்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தபோது மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். ஹாலைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டால்தான் அவளுக்கு நிம்மதி. ஆனால் ஹாலிலிருந்து 'ஹா, ஹூ' என்று சத்தம் வந்தது. வெள்ளை உடுப்புப் போட்ட முப்பது குழந்தைகள் கராத்தே பழகிக்கொண்டிருந்தார்கள். களைத்த ஒரு வரிசை வடக்குச் சுவரில் முதுகைச் சாய்த்துக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது.

பெரிய டீச்சர் வாசலில் நின்ற மேனேஜரிடம் போனாள்.

"இவங்களை உடனே வெளிய அனுப்புங்க. ஹாலைப் பூட்டணும்."

"நாலரைக்கு மேல ஹால் கம்பெனியோடது மேடம். ஒப்பந்தத்துலயே இருக்கு. மூணு மாசத்துக்கு கராத்தே கிளாசுக்கு விட்டிருக்கோம்."

"அந்தச் சுவர் சரியில்லைங்க. உங்க கொத்தனாரைக் கேளுங்க."

"கேட்டேன்." மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். காலையில் இருந்த சுறுசுறுப்பு இல்லை. "மேடம், என் நிலைமையைப் புரிஞ்சுக்கோங்க. ஹால் உபயோகத்துக்கு லாயக்கில்லைன்னு நான் எழுதினா, கம்பெனிக்கு வர்ற பணத்துல வெட்டு விழும், என் வேலை போயிடும். நீங்க எழுதினா, ஆதாரம் என்னன்னு உங்க இலாகா உங்களைக் கேக்கும். சரியா இருக்குன்னு சர்டிபிகேட் கொடுத்தவர் வந்து, சரியில்லைன்னு சொன்னா ஒருத்தரும் மறுபேச்சு பேச முடியாது." ஹாலுக்குள் ஒரு பார்வை பார்த்தார். "உங்க தம்பிதானே மேடம் அவர்? ஒரு போன் போட்டுக் கேளுங்களேன். நல்லாத்தான் இருக்குன்னு அவரே சொல்லிடுவார். நமக்கும் நிம்மதி."

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுகிற ஒப்பந்தம் அது. பெரிய டீச்சர் பையைத் திறந்து உறையைத் தொட்டாள். விரல் அதற்கு மேல் அசைய மறுத்தது. இவரிடம் இதைக் காட்டினால், தம்பியைத் தன் கையால் தள்ளிவிட்டதாகும். காட்டாமல் நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் அந்தக் குழந்தைகள் அங்கே சாய்ந்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு உறையை வெளியே இழுத்தாள்.

"அதை உள்ள வை அக்கா."

தம்பி பின்னால் நின்றிருந்தான். வீட்டில் போட்டிருந்த அதே சட்டை, காலில் வீட்டுச் செருப்பு. கையில் சின்னச் சுத்தியல் ஒன்று.

யாரையும் பார்க்காமல் அவன் ஹாலுக்குள் போனான். ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்த வாசலைத் தாண்டினான். சுவரில் சாய்ந்திருந்த குழந்தைகளை, "கொஞ்சம் எழுந்து நடுவுல போய் நில்லுங்க கண்ணுங்களா" என்றான். அவர்கள் எழுந்து போனதும், சுவரின் ஒரு மூலையிலிருந்து தட்டிக்கொண்டே நடக்க ஆரம்பித்தான்.

மூலையில் 'டக், டக்' என்று கெட்டியான சத்தம். நாலடி நகர்ந்தான். 'தொம்' என்றது. இன்னும் ஓரடி. தொம். குனிந்து கீழே தட்டினான், கையை உயர்த்தி மேலே தட்டினான். காலிப் பானையைத் தட்டுவது போல அதே சத்தம் மறு மூலை வரைக்கும் அவன் கூடவே போனது. கராத்தே வாத்தியார் கத்துவதை நிறுத்திவிட்டார். மேனேஜருக்குக்கூட அந்தச் சத்தம் புரிந்தது.

தம்பி திரும்பி வந்து, ஆணி விழுந்த ஓட்டைக்கு நேரே நின்றான். அதற்குக் கீழே ஒரு நாற்காலியில், மாட்ட இடமில்லாத கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அது யாருடையது என்று அவனுக்குத் தெரியும். அதைக் கையில் எடுத்து அக்காவிடம் கொடுத்தான்.

"வாத்தியாரே, பசங்களை வெளிய கூட்டிட்டுப் போங்க. ஓட வேண்டாம், வரிசையா போகட்டும். உள்ள யாரும் திரும்பி வரக்கூடாது."

"சார், எழுத்துல இல்லாம நான் எப்படி..." என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

"எழுத்துலயே கொடுத்துடலாம்" என்றான் தம்பி. குழந்தைகள் எல்லோரும் வெளியே போகும் வரை காத்திருந்தான். வாசலில் ஒட்டியிருந்த உதவி மையத்தின் எண்ணைப் பார்த்து போனை அழுத்தினான். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

"வணக்கம், உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்" என்றது ஒரு பெண் குரல். "லைட், ஃபேன், தண்ணீர், பூட்டு, மற்றவை. எது சார்?"

"சுவர்."

"சுவர் லிஸ்ட்ல இல்ல சார். மற்றவைன்னு போட்டுக்கறேன். புகார் கொடுக்கறவங்க டீச்சரா, பெற்றோரா?"

பெரிய டீச்சர் கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். தான் பேசட்டுமா என்று கேட்பது போல ஓரடி முன்னால் வைத்தாள். தம்பி வேண்டாம் என்று தலையசைத்தான்.

"ரெண்டும் இல்லம்மா. இந்தச் சுவர் சரியா இருக்குன்னு பொய்க் கையெழுத்துப் போட்ட இன்ஜினியர்."

அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் சத்தம் நின்றது. பயிற்சியில் சொல்லிக் கொடுக்காத ஒரு குரலில் அந்தப் பெண் கேட்டாள்.

"எந்தச் சுவர் சார்?"

"எழுதிக்கோம்மா. முதல் சுவர், இந்தப் பள்ளிக்கூடத்து ஹால், வடக்குப் பக்கம்."

முதல் சுவர் என்றான். பெரிய டீச்சர் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல், போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வருஷம் நான்கு பள்ளிக்கூடங்கள் ஒரே நேரத்தில் எழும்பிக்கொண்டிருந்தன. நான்கிலும் தினமும் ஏதாவது ஒரு சுவர் ஏறியிருக்கும்; ஒவ்வொன்றுக்கும் அவன் கையெழுத்தோடு ஒரு தாள் இருக்கும்.

அவள் அந்த வாரத்தின் நாட்களை ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஏழு நாளும் அவன் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.